கழுவிக் கொடுத்த ஈயம்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து நான் ஈயம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வாளி நிறைய ஈய வளையங்கள். பெரிய வளையலை இரண்டாக உடைத்துப் போட்டது மாதிரி ஒவ்வொன்றும் வளைந்து கிடந்தது. மேலே கறுப்புத் தார், சிமெண்டு, சணல் நார். அதற்கும் மேலே என்னவென்று நான் யோசிக்க விரும்பாத ஒரு பழுப்பு. கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோலப் புளியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். ஃபினாயிலில் ஊறவைத்தேன். எட்டுத் தண்ணீர் மாற்றினேன். ஒன்பதாவது தண்ணீர் தெளிவாக வந்தபோதுதான் மனசு ஆறியது.

கதவு தட்டப்பட்டது. என் கணவர்.

"உள்ள என்ன பண்றே?"

"தலைக்குக் குளிக்கறேன்."

"சரி."

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. பழைய மனுஷராக இருந்தால் விட்டிருக்க மாட்டார். "ஏழு மணிக்கே குளிச்சாச்சே, மறுபடி எதுக்கு? தண்ணி லாரி உங்கப்பா சொத்தா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் கச்சேரி நடந்திருக்கும். இப்போது வெறும் 'சரி'.

அந்தச் 'சரி'யை ஒழிக்கத்தான் நான் ஈயம் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

சரி என்ற வியாதி

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் கணவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று இரண்டு வாசகிகள் அக்கறையாகக் கேட்டிருந்தார்கள். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: இவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள், பிழைத்து வந்தார். பிழைத்து வந்த பிறகு நடந்ததுதான் இந்த வாரம்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். நாங்கள் சண்டை போடாத நாள் என்று பார்த்தால், ஒருவர் ஊரில் இல்லாத நாளாகத்தான் இருக்கும். பேப்பரை மடிப்பதில் சண்டை. இரண்டாவது டிகாக்‌ஷனில் சண்டை. ஆட்டோ லஸ் வழியாகப் போகவேண்டுமா, மாட வீதி வழியாகவா என்பதில், ஆட்டோக்காரர் இறக்கிவிட்டுப் போகிற அளவுக்குச் சண்டை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இவர் துறைமுகத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் குரல் கொஞ்சம் பெரிசு.

இதில் தலைசிறந்த சண்டை மீன் சண்டைதான். துறைமுகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடக் கற்றுக்கொண்டவர் இவர். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அதனால் பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்.

"விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?" என்பேன்.

"நீ மட்டும் போட்ட கோலத்த மறுநாள் அழிக்கலையா?" என்பார்.

மறுநாள் வேண்டுமென்றே இன்னும் பெரிய கோலமாகப் போடுவேன். அது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து இவரை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "டென்ஷன் மட்டும் கூடாது" என்றார். பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண் வித்யா அதைச் சட்டமாக்கிவிட்டாள். தினமும் போன்: "அம்மா, நீ வாயத் திறக்காம இருந்தாலே அப்பாவுக்கு நன்னாயிடும்." நானும் திறக்கவில்லை. ஆனால் இவரும் திறக்கவில்லை. அதுதான் நாங்கள் எதிர்பார்க்காதது.

எதைச் சொன்னாலும் 'சரி'. நடக்கலாமா? சரி. வேண்டாம், உட்காரலாமா? சரி. ஒருநாள் ரசத்தில் உப்பே போடவில்லை, மறந்துவிட்டேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எழுந்து போனார். வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன். "உங்க தங்கை கட்டிண்டு வந்த புடவை கண்றாவி" என்றேன். தங்கை என்றால் உயிரை விடுகிறவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆள் முழுசாகத் திரும்பி வரவில்லையோ, என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷரை ஆபரேஷன் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று தோன்றும். சமையலறையில் குக்கர் சத்தத்தில் அழுவேன். வெளியே கேட்காது.

நாலு மூலை வேண்டும்

இப்படி ஏழு மாதம் ஓடிய பிறகு ஒரு நாள் பஷீர் பாய் வந்தார். தி. நகரில் கார் சக்கரங்களைச் சீர் பார்க்கும் கடை வைத்திருப்பவர். இவருக்கு இருபது வருஷத் தூண்டில் கூட்டாளி. இறால் இரையெல்லாம் அவர் வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கும், எங்கள் வீட்டுக்குள் வராது.

"அக்கா, சார ஒரு நாள் எங்கூட அனுப்புங்க. திருவான்மியூர் பீச்சு வரைக்கும்தான். ஸ்டூல் போட்டு குந்த வெச்சிடறேன். தூண்டில் போடறது நானு, பாக்கறது அவரு."

மாத்திரை டப்பாவைச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன். விடிகாலையில் போனவர்கள் எட்டு மணிக்குத் திரும்பினார்கள். இவர் வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"குண்டு சரியில்லை. கடையில வாங்கினது. வயிறு உருண்டையா வார்த்துட்டான், அலை உருட்டிண்டே போயிடறது. நாலு மூலை இருந்தாத்தான் மணல்ல பதியும்."

நான் கணக்கு டீச்சர், எண்ணிவிட்டேன். நாலு வாக்கியம். ஏழு மாதத்தில் இவர் வாயிலிருந்து ஒரு பொருளைப் பற்றி வந்த முதல் குறை. தூண்டில் கயிற்றின் நுனியில் கட்டுகிற ஈயக் குண்டைத்தான் சொன்னார். முன்பெல்லாம் அதைத் தானே வார்த்துக்கொள்வார். பிரமிடு மாதிரிக் கூர்ந்து நாலு பட்டை உள்ள அலுமினிய அச்சு ஒன்று பரணில் இருந்தது. ஈயம்தான் இல்லை.

மறுநாள் பழையபடி 'சரி' ஆரம்பித்துவிட்டது. நான் தீர்மானம் செய்தேன். இந்த மனுஷருக்குக் குறை சொல்ல ஈயம்தான் வேண்டுமென்றால், எந்தச் சந்தில் இருந்தாலும் கொண்டுவந்து கொட்டுவேன்.

ஈய வேட்டை

முதலில் இவரையும் கூட்டிக்கொண்டு பஷீர் பாய் கடை. சக்கரம் ஆடாமல் இருக்க ஓரத்தில் சின்ன எடை ஒன்று மாட்டுவார்கள். பழசைக் கழற்றிப் போட்டிருந்த பெயிண்ட் வாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார். 'தொப்' என்று விழுந்தால் ஈயம். 'ணங்' என்றால் துத்தநாகம் அல்லது இரும்பு. துத்தநாகம் கலந்துவிட்டால் ஈயம் கூழ் மாதிரி ஆகி அச்சில் ஓடாதாம்.

"இப்ப வர்றது எல்லாமே ணங்குதான் அக்கா" என்றார் பஷீர் பாய். வாளியில் கால்வாசிகூடத் தேறவில்லை.

தேனாம்பேட்டையில் ஒரு எக்ஸ்ரே கூடத்தைப் பிரிக்கிறார்கள், சுவரில் ஈயத் தகடு இருக்கும் என்று கேள்விப்பட்டு, பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். தகடு முந்தின நாளே போயிருந்தது. கார் பேட்டரியை உடைத்தால் ஈயம் கிடைக்குமே என்றேன். இவர் நிமிர்ந்து பார்த்து, "கூடாது. அமிலம், விஷப் புகை. ஆத்துல அதத் தொடவே கூடாது" என்றார். சொன்ன விஷயத்தைவிட, 'கூடாது' என்ற சொல் எனக்கு இனித்தது.

கடைசியில் ஈயம் எங்கள் பின் தெருவிலேயே கிடைத்தது. மயிலாப்பூரில் இப்போது எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பழைய அடுக்குமாடியை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தும் இடத்தில் சணலைத் திணித்து, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்திருப்பார்கள். குழாயை உடைத்தால் அது வளையமாகக் கழன்று வரும். காயலான் கடை ஏழுமலை சுத்தியும் உளியுமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"இது ஈயம்தானே?" என்றேன்.

"ஈயம்தான். இன்னாத்துக்கு மாமி?"

"மீன் பிடிக்க."

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். மடிசார் இல்லை என்றாலும் என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் போலிருக்கிறது.

"மாமி, உன்கிட்ட சொல்லாம குடுத்தா பாவம். இது கக்கூஸ் பைப்பு ஜாயிண்டு. மூணு மாடி கக்கூசும் இதுலதான் எறங்கிகினு இருந்துச்சு. கயுவி எட்த்துனு போ."

கழுவி எடுத்துக்கொண்டு போ என்று அவர் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. எனக்கு அது வேதவாக்காகப் பட்டது.

இங்கே ஒரு பழைய கதை. புதுசாகக் கல்யாணமான நாளில், மாமியாரின் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமியோடு பேசப் போய்விட்டேன். ரசம் உள்ளே இருந்தால்தான் ஈயச் சொம்பு நெருப்பைத் தாங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தால் சொம்பைக் காணோம், பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டை. இவர்தான் அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு நாள் திட்டினார். அது வெள்ளீயம், சமைக்கலாம். இப்போது நான் தேடிக்கொண்டிருந்தது காரீயம், உடம்புக்கு விஷம். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

எட்டுத் தண்ணீர்

வளையங்களைப் பார்த்ததும் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "நல்ல சாஃப்ட் ஈயம். அழுக்க ஒண்ணும் பண்ணாதே. அப்படியே போட்டு உருக்கினா எல்லாம் மேல மிதந்து வந்துடும், கரண்டியால வழிச்சுடலாம்" என்றார்.

காதில் விழுந்தது. ஆனால் மொட்டை மாடிக்கு எங்கள் சமையலறைப் பின்கதவு வழியாகத்தான் போகவேண்டும். கடலுக்குப் போய்வந்த தூண்டில் கம்பையே வாசல் குழாயில் அலம்பித்தான் உள்ளே விடுவேன், இருபது வருஷமாக அதுதான் வழக்கம். மூன்று மாடிக் கக்கூஸ் என் அரிசி டின்னைத் தாண்டிப் போவதா? ஏழுமலை மட்டும் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் அந்தக் குளியலறைக் காட்சி. தேய்த்து முடித்து, பழைய வேஷ்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, பால்கனி வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தேன். தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் 'சரி' என்பார், அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

மொட்டை மாடி

இதைப் படித்துவிட்டு யாரும் சமையல் அடுப்பில் ஈயத்தை ஏற்றிவிடாதீர்கள். எங்களுடையது மொட்டை மாடியில், திறந்த வெளியில், தனியாக ஒற்றை அடுப்பு. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. நான் துருப்பிடித்துத் தூர வைத்திருந்த குழிப்பணியாரக் கல்லையும் தானம் செய்தேன். அதில் ஊற்றினால் ஏழு ஈயப் பணியாரம் கிடைக்கும், பிறகு வேண்டும்போது எடுத்து உருக்கி அச்சில் வார்க்கலாம். இவை எதுவும் மறுபடி சமையலறைக்குத் திரும்பாது.

இவர் முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, ஷூ, முகமூடி, மூக்குக்கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு காற்று வரும் பக்கமாக நின்றார். கனமானதைத் தூக்க பஷீர் பாய். நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, மீதி வளையங்களுக்குக் காவல்.

முதலில் பாதி வளையங்களைப் பாத்திரத்தில் அடுக்கிவிட்டு அப்புறம்தான் நெருப்பைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் வளையங்கள் ஓரம் வழுக்கி, சரிந்து, கண்ணாடி மாதிரி ஆயிற்று. அழுக்கு பிரிந்து வர மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டார். குப்பென்று பற்றி எரிந்தது. சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது, அதைக் கரண்டியால் வழித்துத் தகர டப்பாவில் போட்டார். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுக்கே இல்லையே" என்றார் ஆச்சரியமாக. நான் பெருமையோடு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொள்ளும். ஒண்ணு கொடு."

கொடுத்தேன். குறட்டால் பிடித்து உருகிய ஈயத்துக்குள் இறக்கினார்.

டப் என்று ஒரு வெடி. பாத்திரத்திலிருந்து ஈயம் பூவாணம் மாதிரி மேலே கிளம்பி, கைப்பிடிச் சுவரிலும் தரையிலும் சொட சொடவென்று விழுந்தது. குழாயடியில் இருந்த காகங்கள் எல்லாம் பறந்தன.

இவர் அசையாமல் நின்றார். மூக்குக்கண்ணாடியில் மூன்று சாம்பல் பொட்டுகள். சட்டைக் கையில் ஒரு ஓட்டை. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே மணிக்கட்டில் மிளகளவு ஒரு சிவப்பு. கண்ணாடி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். முடிந்தது, இனி இந்த மனுஷர் கட்டிலைவிட்டு இறங்கமாட்டார் என்று நினைத்தேன்.

இவர் நிதானமாகக் கேஸை அணைத்தார். என் பக்கத்தில் இருந்த இன்னொரு வளையத்தை எடுத்துத் திருப்பினார். மடிப்புக்குள் ஒட்டியிருந்த சணலை அழுத்தினார். ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"இத அலம்பினியா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"எட்டு."

கண்ணாடியைக் கழற்றினார். மூச்சை இழுத்தார்.

"ஏண்டி, ஒனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? அழுக்கத் தொடாதேன்னு தமிழ்லதானே சொன்னேன்? ஈயத்துக்குள்ள ஒரு சொட்டு ஈரம் போனா ஆவியாயிக் குண்டு மாதிரி வெடிக்கும்டி. முதல்ல போட்டது சூடேறாத பாத்திரத்துல போட்டதால சூட்டுல காஞ்சு பொழைச்சுது. இல்லேன்னா மூணு பேரும் அப்பவே போயிருப்போம். நீயெல்லாம் பசங்களுக்குப் பாடம் எடுக்கறே."

எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பஷீர் பாய் பதறிப்போய் நடுவில் வந்தார்.

"சார், பேஜாரு வாணாம் சார். உடம்புக்கு ஆவாது."

"நீ சும்மா இரு பஷீர். உனக்கு இவளத் தெரியாது."

"நான் போய் களிம்பு வாங்கியாறேன் அக்கா" என்று பஷீர் பாய் படியிறங்கி மறைந்தார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் நிற்பதற்கு வெடிக்கிற ஈயமே தேவலாம் என்று நினைத்திருப்பார்.

நான் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். திட்டிக்கொண்டே கையை நீட்டினார். தண்ணீர் மணிக்கட்டில் விழ விழத் திட்டு நிற்கவில்லை. என் புத்தி, என் பிடிவாதம், எங்கள் அப்பா என்னை வளர்த்த லட்சணம் எல்லாம் வரிசையாக வந்தன. என் கண்ணிலிருந்து கொட்டியது.

திட்டை நிறுத்தினார். "எங்கயாவது பட்டுடுத்தா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன எதுக்கு அழறே?"

அதை எப்படிச் சொல்வது? அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

"பின்ன என்ன, கக்கூஸ் பைப்ப அப்படியே சமையல் உள் வழியா கொண்டு வரணுமா?"

"ஏன், வெளிப்பக்கமா கயத்தக் கட்டி மேல இழுக்கப்படாதோ?"

"யாரு இழுக்கறது? நெஞ்சக் கிழிச்சுத் தைச்சுண்டு வந்திருக்கேளே, நீங்களா?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஏழு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. வித்யா கேட்டிருந்தால் என்னைக் கொன்றிருப்பாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாண்டி, நான்தான் இழுப்பேன்" என்றார். "ஏன், எனக்கென்ன கேடு?"

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். எங்கே இழுங்கள் பார்க்கலாம் என்று நானும் இடுப்பில் கையை வைத்தேன். பாத்திரத்தில் இருந்த ஈயம் ஆறி, இறுகி, கரண்டி அதிலேயே மாட்டிக்கொள்ளும்வரை சண்டை போட்டோம்.